நானோ தொழில்நுட்பத்தில் முதுநிலைப் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.எஸ்சி., பி.இ., பி.டெக். கடைசி ஆண்டில் இருப்பவர்களும் ஏற்கெனவே எம்.எஸ்சி., எம்.டெக். சேர்ந்து ஆய்வகத்தில் தடுமாறுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். சேர்க்கை பற்றிய பதில்கள் தமிழ்நாட்டு மாணவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆய்வகம் பற்றியவை எந்த ஊருக்கும் பொருந்தும்.

நானோ தொழில்நுட்பம் தனிப் பாடமா, இல்லை பல பாடங்களின் கலவையா?

கலவைதான். 1 முதல் 100 நானோமீட்டர் அளவுக்குள் பொருள்களின் குணம் மாறுகிறது. அந்த மாற்றத்தைப் பயன்படுத்தும் எல்லா வேலைக்கும் இந்த ஒரே பெயர்தான். 1 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். வினையூக்கி வேகமாக வேலை செய்வதற்கும், தங்கம் குறைந்த வெப்பநிலையில் உருகுவதற்கும் இந்த மேற்பரப்புதான் காரணம். தங்கக் கரைசல் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம் வேறு: துகளுக்குள் எலக்ட்ரான்கள் ஒன்றாக அசையும் விதம். குறைகடத்தித் துகள் ஒளிரும் நிறம் அதன் அளவோடு மாறுவதற்குக் குவாண்டம் விளைவு காரணம்.

ஆகவே ஒரே வகுப்பில் வேதியியல் படித்தவர் துகள் தயாரிப்பார், இயற்பியல் படித்தவர் மெல்லிய படலம் பூசுவார், உயிரித் தொழில்நுட்பம் படித்தவர் துகளில் மருந்தேற்றுவார். இரண்டு ஆண்டு கழித்து வேலைக்கு எடுப்பவர் பார்ப்பது உங்கள் தாய்ப்பாடத்தில் எவ்வளவு ஆழம், எந்தக் கருவியைத் தனியாக இயக்கத் தெரியும் என்ற இரண்டைத்தான். இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான பதில்களுக்கு அடிப்படை இதுவே.

எம்.எஸ்சி.யா, எம்.டெக்.கா?

பி.எஸ்சி. முடித்தவருக்கு எம்.எஸ்சி. பி.இ., பி.டெக். முடித்தவருக்கு எம்.டெக். இயற்பியல், வேதியியல், பொருளறிவியல் போன்றவற்றில் எம்.எஸ்சி. முடித்தவர்களையும் பல நிறுவனங்கள் எம்.டெக். நானோவில் சேர்க்கின்றன. எந்தெந்தப் பட்டம் ஏற்கப்படும் என்ற பட்டியல் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அந்த ஆண்டின் அறிவிப்பில் உங்கள் பட்டத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

எம்.எஸ்சி. முடித்து மறுபடி எம்.டெக். சேரலாமா என்று பலர் கேட்கிறார்கள். தொழிற்சாலைக்குப் போக வேண்டும், கருவி அனுபவம் போதவில்லை என்றால் சேரலாம். முனைவர் பட்டம்தான் குறி என்றால் வேண்டாம். நெட் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வு) அல்லது கேட் (பொறியியல் முதுநிலைச் சேர்க்கைக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண்ணோடு நேராக ஆராய்ச்சிக்குப் போய்விடுங்கள், இரண்டு ஆண்டு மிச்சம்.

அரசுக் கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டும். எம்.எஸ்சி. நானோ படிக்கலாமா?

இதற்குப் பதிலை மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும்: இயற்பியலிலோ வேதியியலிலோ எம்.எஸ்சி. படித்துவிட்டு நானோவை ஆய்வுத் தலைப்பாக எடுங்கள். கல்லூரிப் பணியிடங்கள் பாடவாரியாக அறிவிக்கப்படுகின்றன. பட்டத்தில் ‘நானோ அறிவியல்’ என்று இருந்தால், அது இயற்பியலுக்கோ வேதியியலுக்கோ இணையானது என்று நீங்கள் நிறுவ வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் இதற்கு இணைத்தன்மை அரசாணை தேவை. உங்கள் பல்கலைக்கழகத்தின் அந்தப் பட்டத்துக்கு அப்படி ஓர் ஆணை இருக்கிறதா என்பதைச் சேர்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் ஆணை எண்ணோடு கேட்டு வாங்குங்கள். “பிரச்சினை வராது” என்ற வாய்மொழி போதாது. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் அது செல்லாது.

கேட் தேர்வில் எந்தத் தாள் எழுத வேண்டும்?

நானோ தொழில்நுட்பத்துக்கென்று தனித் தாள் இல்லை. உங்கள் தாய்ப்பாடத் தாளையே எழுதுங்கள்: இயற்பியல், வேதியியல், மின்னணுவியல், வேதிப் பொறியியல், உலோகவியல், உயிரித் தொழில்நுட்பம். பல துறைக்காரர்களுக்குப் பொதுவான பொறியியல் அறிவியல் தாளும் உண்டு. அதில் கணிதப் பகுதி கட்டாயம், மற்ற பகுதிகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொருளறிவியலும் திண்ம இயக்கவியலும் இயந்திரவியல் மாணவருக்கு நல்ல இணை.

மதிப்பெண் முடிவு வந்த நாளிலிருந்து 3 ஆண்டு செல்லும். என்.ஐ.டி.களுக்குச் சிசிஎம்டி என்ற பொதுக் கலந்தாய்வு. ஐ.ஐ.டி.களுக்கு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக விண்ணப்பித்துவிட்டு, இட ஒதுக்கீட்டுக்குச் சிஓஏபி தளத்திலும் பதிய வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இடம் வராது. கேட் இல்லாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா-பிஜி தேர்வும் அதன் வழிக் கலந்தாய்வும் இருக்கின்றன. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்தத் தேர்வை வைக்கின்றன.

உதவித்தொகை எவ்வளவு?

செல்லுபடியாகும் கேட் மதிப்பெண்ணோடு, ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஏற்பு பெற்ற முழுநேர எம்.டெக்.கில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய், 24 மாதம். தனியார் கல்லூரியிலும் இது கிடைக்கும். ஆனால் கல்லூரி உங்கள் பெயரைத் தளத்தில் ஏற்றி, வங்கிக் கணக்கை ஆதாரோடு இணைத்து, மாதாமாதம் வருகையை உறுதி செய்ய வேண்டும். அந்த வேலையைப் பார்க்கும் அலுவலரின் பெயரைச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் பேருக்குத் தொகை தாமதமாவது இந்த இடத்தில்தான்.

ஆராய்ச்சியில் ஜேஆர்எஃப் தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. சிஎஸ்ஐஆர் நெட் தேர்விலும் நானோ என்ற தாள் கிடையாது. மறுபடி தாய்ப்பாடம்தான்.

எங்கே படிக்கலாம்?

தமிழ்நாட்டிலும் அருகிலும் இந்தத் துறைக்கென அமைப்புள்ள இடங்கள்: அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலுள்ள தேசிய நானோ அறிவியல் மையம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், வேலூர் விஐடி, காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம், தஞ்சை சாஸ்த்ரா, புதுவைப் பல்கலைக்கழகம். ஆராய்ச்சிக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் நானோ அறிவியல், பொறியியல் மையமும், மொகாலியில் இருக்கும் மத்திய அரசின் நானோ நிறுவனமும், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் கவனத்தில் இருக்கட்டும். பேட்டரி, சூப்பர்கெபாசிட்டர் பக்கம் போக நினைப்பவர் காரைக்குடியை முதலில் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு ஆண்டும் சில பாடப்பிரிவுகள் நிறுத்தப்படுகின்றன, பெயர் மாறுகின்றன. அந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பே கடைசிச் சொல்.

இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்தால் எதை எடுப்பது?

நேரில் போய் ஆய்வகத்தைப் பாருங்கள். கையேட்டில் டெம் (எலக்ட்ரான்களை மாதிரியினூடே செலுத்திப் படமெடுக்கும் நுண்ணோக்கி) கருவியின் படம் இருக்கும். அது ஓடுகிறதா என்று கையேடு சொல்லாது. கேட்க வேண்டியவை:

அந்தக் கருவிக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா? கடைசியாக எந்த மாதம் மாதிரி பார்த்தார்கள்? முதுநிலை மாணவர் தானே இயக்கலாமா, இல்லை மாதிரியைக் கொடுத்துவிட்டுப் படம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானா? ஒரு மாணவருக்கு ஓராண்டில் எத்தனை மாதிரி இலவசம்? திட்டப்பணியை வெளியே, தேசிய ஆய்வகத்திலோ நிறுவனத்திலோ செய்ய அனுமதி உண்டா?

கடைசியாக, நூலகத்தில் போன இரண்டு ஆண்டு ஆய்வேடுகளைப் புரட்டுங்கள். பத்தில் எட்டு ஒரே தலைப்பின் வேறு வேறு இலையாக இருந்தால் (இதற்கு என்ன அர்த்தம் என்று கீழே வருகிறது) அங்கே புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது. கட்டடம் பழையதாக இருந்தாலும், முதலாண்டு மாணவர் கையில் எக்ஸ்ஆர்டியையும் (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைக் காணும் கருவி) யூவி-விசிபிள் கருவியையும் (கரைசல் எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டுவது) ஒப்படைக்கும் துறையைத் தயங்காமல் எடுங்கள்.

முதல் ஆய்வகப் பயிற்சி பெரும்பாலும் தங்க நானோ துகள். எங்கே பிசகுகிறது?

துர்க்கெவிச் 1951இல் வெளியிட்ட சிட்ரேட் முறைதான் எல்லா இடத்திலும். அளவுகள் இவை: 1 மில்லிமோலார் தங்கக் குளோரைடு கரைசல் 20 மி.லி., 1 சதவீத ட்ரைசோடியம் சிட்ரேட் 2 மி.லி. தங்கக் கரைசலை ஹாட்பிளேட்டில் கலக்கியபடியே நன்றாகக் கொதிக்க விடுங்கள். கொதி நிலைத்த பிறகு சிட்ரேட்டை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். மஞ்சள் மறைந்து நிறமில்லாமல் ஆகும், பிறகு சாம்பல் கலந்த நீலம், பிறகு செம்மணி நிறம். 10 நிமிடத்தில் முடிந்துவிடும். கொதிப்பதால் நீர் குறையும், வாலை வடிநீரால் 22 மி.லி.க்கு நிரப்பிவிடுங்கள். யூவி-விசிபிளில் 520 நானோமீட்டர் அருகே ஒற்றை முகடு வந்தால் துகள் 15 நானோமீட்டரை ஒட்டி இருக்கும்.

ஊதா அல்லது நீலமாகவே நின்றுவிட்டால் துகள்கள் கூடி ஒட்டிவிட்டன என்று பொருள். காரணம் பெரும்பாலும் பாத்திரம். முன்னால் செய்தவர் விட்டுப்போன உலோகப் படிவோ சோப்போ ஒட்டியிருக்கும். அதனால்தான் இராஜதிராவகத்தில், அதாவது அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 3 பங்கு, அடர் நைட்ரிக் அமிலம் 1 பங்கு கலவையில், ஃபியூம் ஹூட்டுக்குள் கழுவச் சொல்கிறார்கள். அந்தக் கலவையை ஒருபோதும் மூடி போட்ட பாட்டிலில் வைக்காதீர்கள். வாயு சேர்ந்து வெடிக்கும். இரண்டாவது காரணம் குழாய்த் தண்ணீர். அதிலுள்ள உப்பு, துகள்களை விலக்கி வைத்திருக்கும் மின்னேற்றத்தை மறைத்துவிடுகிறது. மூன்றாவது, சிட்ரேட்டை மெதுவாக விட்டது அல்லது குறைத்தது. சிட்ரேட் குறைந்தால் துகள் பெரிதாகும், அளவு பரவலாகும். மாதக்கணக்கில் அலமாரியில் இருந்த சிட்ரேட் கரைசலில் பூஞ்சை வந்திருக்கும், அன்றன்றைக்குத் தயாரியுங்கள்.

எடை போடுவதிலும் கவனம் வேண்டும். தங்கக் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். உலோகக் கரண்டி பட்டால் அதிலேயே தங்கமாகப் படியும். 1 கிராம் குப்பி வாங்கினால் முழுவதையும் 250 மி.லி. நீரில் கரைத்து 10 மில்லிமோலார் இருப்புக் கரைசலாக வைத்து, வேண்டும்போது பத்து மடங்கு நீர்த்துக்கொள்வது நல்லது. தயாரான செந்நிறக் கரைசலைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம், உறையவிட்டால் மீளாது.

எக்ஸ்ஆர்டி, செம், டெம், டிஎல்எஸ் நான்கும் நான்கு அளவு சொல்கின்றன. எதை நம்புவது?

நான்கும் வேறு வேறு பொருளை அளக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் வாய்மொழித் தேர்வில் பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம்.

எக்ஸ்ஆர்டி தருவது படிகக்கூறின் அளவு. ஒரு துகளுக்குள் பல படிகக்கூறுகள் இருக்கலாம். ஷெரர் சமன்பாட்டின்படி அளவு = 0.9 × அலைநீளம் ÷ (முகட்டின் அகலம் × கொசைன் தீட்டா). வெள்ளியின் முதல் முகடு 38.1 பாகையில், அரை உயர அகலம் 0.6 பாகை என்று வையுங்கள். தாமிர எக்ஸ் கதிரின் அலைநீளம் 0.15406 நானோமீட்டர். அகலத்தை ரேடியனாக்கினால் 0.01047. தீட்டா என்பது 38.1இல் பாதி, 19.05 பாகை. விடை 14 நானோமீட்டர். பாதியாக்க மறந்தால் 16.8 வரும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ரேடியனாக்க மறந்தால் 0.24 நானோமீட்டர் வரும். அது வெள்ளியின் ஓர் அலகுக்கூட்டின் பக்கமான 0.409 நானோமீட்டரை விடச் சிறியது, இருக்கவே முடியாது. ஆனாலும் அப்படியே ஆய்வேட்டில் அச்சாகிறது. கருவி தானாகச் சேர்க்கும் அகலத்தைச் செந்தர சிலிக்கான் மாதிரி வைத்து அளந்து கழிக்க வேண்டும். 100 நானோமீட்டருக்கு மேல் இந்தச் சமன்பாட்டை நம்பாதீர்கள். அங்கே முகட்டின் அகலம் முழுக்கக் கருவியுடையதாகிவிடும்.

டிஎல்எஸ் (துகள்கள் சிதறடிக்கும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து அளவைக் கணிக்கும் கருவி) தருவது, நீருக்குள் தன் மேல் ஒட்டிய படலத்தோடு நகரும் துகளின் விட்டம். அதனால் டெம் 15 சொன்னால் டிஎல்எஸ் 20, 25 சொல்வது இயல்பு. பெரிய சிக்கல் வேறு: ஒளிச்சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கோடு கூடுகிறது. 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகள் பத்து லட்சத்துக்குச் சமமாகச் சிதறடிக்கும். ஒரு தூசி போதும், உங்கள் நல்ல மாதிரி மறைந்துவிடும். நீரை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்துப் பயன்படுத்துங்கள். மூன்று முறை அளந்து, பரவல் குறியீடு (துகள் அளவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் எண்) 0.2க்குக் கீழே இருந்தால் மட்டும் சராசரியை எழுதுங்கள்.

செம் (மாதிரியின் மேற்பரப்பைப் படமெடுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) கருவியில் மின்கடத்தாத மாதிரி வெள்ளை வெள்ளையாய்த் தெறிக்கும், மின்னேற்றம் தேங்குவதால். அதற்காகத் தங்கம் பூசுவார்கள். பூச்சு தடிமனானால் பூசிய தங்கத்தின் மணிகளே ‘நானோ துகள்’ போலத் தெரியும். வெறும் சிலிக்கான் துண்டு ஒன்றையும் கூடவே பூசி, அதே உருப்பெருக்கத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். பாஸ்பரஸ் உள்ள மாதிரிக்குத் தங்கம் பூசவே வேண்டாம். தனிமப் பகுப்பாய்வில் தங்கத்தின் கோடு 2.12 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும், பாஸ்பரஸின் கோடு 2.01இல். ஒன்றன்மேல் ஒன்று விழும். ஹைட்ராக்சிஅபடைட்டில் (எலும்பிலுள்ள கால்சியம் பாஸ்பேட் கனிமம்) கால்சியம்-பாஸ்பரஸ் விகிதம் 1.67 வராமல் போவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். கார்பன் பூசச் சொல்லுங்கள்.

டெம் கருவிக்கு ஏறக்குறைய நிறமே தெரியாத அளவு நீர்த்த கரைசலில் 5 மைக்ரோலிட்டர், கார்பன் பூசிய தாமிர வலையில் ஒரு சொட்டு. அடர்த்தியாக விட்டால் காயும்போது ஓரத்தில் குவிந்துவிடும். படத்தில் கட்டியாகத் தெரிவது கரைசலிலேயே கட்டியா, காய்ந்ததால் வந்த கட்டியா என்று பிறகு சொல்ல முடியாது. மாதிரியிலேயே தாமிரம் இருந்தால் நிக்கல் வலை கேளுங்கள். அழகான ஒரு படத்தை மட்டும் போடாமல், பல இடங்களில் எடுத்து, குறைந்தது 200 துகளை இமேஜ்-ஜே மென்பொருளில் அளந்து பரவல் வரைபடம் கொடுங்கள்.

திட்டப்பணிக்கு இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள் எடுக்கலாமா?

செலவு குறைவு, 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட்டும் ஏதாவது ஓர் இலையும் போதும், ஒரு மணி நேரத்தில் கரைசல் பழுப்பாகிவிடும். அதனால்தான் வேம்பு, துளசி, நொச்சி, கீழாநெல்லி என்று ஒவ்வோர் இலைக்கும் ஏராளமான கட்டுரைகள் வந்துவிட்டன. இன்னோர் இலையைச் சேர்ப்பதால் அறிவு கூடவில்லை. சாற்றில் எந்தச் சேர்மம் ஒடுக்குகிறது, எது துகளின் மேல் போர்வையாக நிற்கிறது என்று தெரியாத வரை, அடுத்த பருவத்தில் பறித்த இலையில் அதே அளவு துகள் வராது.

செய்தே ஆக வேண்டும் என்றால் கேள்வியை மாற்றுங்கள். சாற்றைப் பகுத்து, தனிச் சேர்மம் ஒன்றோடு மட்டும் வினையை நடத்திப் பாருங்கள். மூன்று பருவத்து இலையை ஒப்பிடுங்கள். கட்டுப்பாட்டு மாதிரியாக வெறும் சாற்றையும் வெறும் வெள்ளி நைட்ரேட்டையும் கட்டாயம் வையுங்கள். நுண்ணுயிரைக் கொன்றது துகளா, மிச்சமிருந்த வெள்ளி அயனியா, சாறேவா என்ற கேள்வி நிச்சயம் வரும்.

எக்ஸ்ஆர்டியில் இன்னொரு பொறி இருக்கிறது. வெள்ளிக்கு 38.1, 44.3, 64.4, 77.4 பாகைகளில் முகடு வரும். பல கட்டுரைகளில் 27.8, 32.2, 46.2இலும் முகடுகள் இருக்கும். அவற்றை நட்சத்திரக் குறி போட்டு ‘தாவரச் சேர்மங்களால்’ என்று எழுதிவிடுவார்கள். அவை வெள்ளிக் குளோரைடின் முகடுகள். குளோரைடு சாற்றிலிருந்தும் குழாய்த் தண்ணீரிலிருந்தும் வருகிறது. உங்கள் மாதிரியில் பாதி வெள்ளியே இல்லாமல் இருக்கலாம்.

எங்கள் கல்லூரியில் கருவி இல்லை. என்ன செய்வது?

ஐஐடி மெட்ராஸில் உள்ள சைஃப் மையம் வெளி மாணவர்களுக்குக் கட்டணத்தில் மாதிரி பார்த்துத் தருகிறது. நாடு முழுவதும் உள்ள கருவிகளைத் தேடிப் பதிய மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளம் இருக்கிறது. சில்லு, உணரி, மெல்லிய படலம் என்று மின்னணுப் பக்கம் வேலை செய்பவர் ஐஎன்யூபி திட்டத்தைத் தவறவிடக் கூடாது. இந்திய அறிவியல் நிறுவனம், ஐஐடி பம்பாய் போன்ற இடங்களின் தூய்மை அறைகளில் வெளிக் கல்லூரியினருக்குப் பயிற்சியும், முன்மொழிவு ஏற்கப்பட்டால் வேலை செய்ய இடமும் தரும் திட்டம் அது.

வரிசை நீளமாக இருக்கும், வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். அதனால் மலிவான சோதனையை முதலில் செய்து, தேறிய மாதிரியை மட்டும் அனுப்புங்கள். யூவி-விசிபிள், பிறகு எக்ஸ்ஆர்டி, பிறகு செம், கடைசியில் டெம். ஒரே தயாரிப்பை மூன்று தடவை செய்து மூன்றிலும் ஒரே முகடு வராத வரை டெம் பதிவு செய்வது பணத்தை வீணாக்குவது.

வேளாண் நானோவுக்கு எதிர்காலம் உண்டா?

உண்டு, ஆனால் கணக்குப் போட்டுப் படிக்க வேண்டிய துறை. 2021இல் இஃப்கோ நானோ யூரியாவை 500 மி.லி. புட்டியில் கொண்டுவந்தபோது நைட்ரஜன் 4 சதவீதம், ஒரு புட்டி ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு என்றார்கள். புட்டியில் இருப்பது சுமார் 20 கிராம் நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. ஆயிரம் மடங்கு வேறுபாடு. இலைவழி உறிஞ்சும் திறன் எவ்வளவு உயர்ந்தாலும் பயிரின் புரதத்துக்கு வேண்டிய நைட்ரஜன் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். ஆய்வாளர்கள் எழுப்பும் கேள்வி இதுதான். வயல் சோதனையை வடிவமைக்கும் மாணவர், அதே 20 கிராம் நைட்ரஜனைச் சாதாரண யூரியாக் கரைசலாகத் தெளித்த ஒரு பாத்தியையும் வைத்தால்தான் ‘நானோ’ என்பதன் பங்கு தெரியும்.

இதற்கு வேறு வழியில் போனது இலங்கை. 2008இல் தொடங்கி இப்போது ஹோமாகமவில் இயங்கும் இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள், யூரியாவை ஹைட்ராக்சிஅபடைட் நானோ துகளோடு பிணைத்து, மண்ணில் மெதுவாக வெளிவிடும் உரத்தை 2017இல் வெளியிட்டார்கள். இழப்பைக் குறைப்பதுதான் அங்கே நோக்கம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சேர நினைப்பவர் இந்த இரண்டு அணுகுமுறைகளையும் ஒப்பிட்டுப் படித்துவிட்டு நேர்காணலுக்குப் போகலாம்.

உயிரியல் பின்னணி உள்ளவர்களுக்கு?

வாய்ப்பு நன்றாக இருக்கிறது. கொழுப்பு நானோ துகளில் ஏற்றிய எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் 2020இல் புழக்கத்துக்கு வந்த பிறகு, மருந்தேற்றும் துறையில் தேவை கூடியது. இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிடும் வழிகாட்டி நெறிகள் 2019இல் வெளியாயின, அவற்றைப் படித்துவிடுங்கள். ஆய்வகத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை: எம்டிடி செல் சோதனையை (செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று நிறத்தால் காட்டுவது) படிப்பது 570 நானோமீட்டர் அருகே. தங்கத் துகளும் அங்கே ஒளியை உறிஞ்சும். செல் இல்லாத, துகள் மட்டும் உள்ள குழிகளை வைத்துக் கழிக்காவிட்டால், செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும்.

உடல்நலத்துக்கு ஆபத்தா?

கரைசலில் இருக்கும் துகளை விட உலர்ந்த பொடி ஆபத்து. மூச்சில் போகும். பொடியைத் திறந்த மேசையில் எடை போடாதீர்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், சிந்தினால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கார்பன் நானோ குழாய்க்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும் ஆய்வகத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அதன் காலாவதித் தேதியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அந்த அமிலம் தோலில் பட்டால் வலி சில மணி நேரம் கழித்துக்கூட வரும், அதற்குள் உள்ளே இறங்கி எலும்பைத் தொட்டிருக்கும். களிம்பு இல்லையென்றால் வேலை செய்ய மறுத்துவிடுங்கள். யாருடைய திட்டப்பணிக் கெடுவும் அதைவிடப் பெரிதல்ல. சோடியம் போரோஹைட்ரைடு கரைசலை இறுக மூடாதீர்கள், ஹைட்ரஜன் வெளிவந்துகொண்டே இருக்கும்.

படித்து முடித்தால் வேலை எங்கே?

‘நானோ பொறியாளர்’ என்ற பெயரில் விளம்பரம் வராது. குறைகடத்தித் தொழிற்சாலையில் செயல்முறைப் பொறியாளர், பழுதுப் பகுப்பாய்வாளர் என்றும், பெயின்ட், பூச்சு நிறுவனங்களில் ஆய்வு வேதியியலர் என்றும் வரும். குஜராத்தின் சாணந்தில் மைக்ரான் நிறுவனம், தோலேராவில் டாட்டாவும் தைவானின் பிஎஸ்எம்சியும், அசாமின் ஜாகிரோட்டில் டாட்டாவின் சில்லுப் பொதிப்பு ஆலை என்று ஆலைகள் எழும்பும் காலம் இது. அங்கே கேட்பது லித்தோகிராஃபி (ஒளியால் சில்லில் வடிவம் பதிப்பது), பொறிப்பு, படலப் படிவு, அளவியல் ஆகியவற்றில் கைப்பழக்கம். நோய்கண்டறி பட்டை தயாரிப்பாளர்களுக்கு 40 நானோமீட்டர் தங்கத் துகளை ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே அளவில் எடுக்கத் தெரிந்தவர் வேண்டும். கருவி விற்கும் நிறுவனங்களின் பயன்பாட்டு நிபுணர் பணி பலர் கண்ணில் படாத நல்ல வேலை.

வெளிநாட்டில் முதுநிலை?

பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகம் தலைமையேற்கும் எராஸ்மஸ் முண்டஸ் நானோ பாடப்பிரிவில் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ. முதலாண்டு லூவெனில், இரண்டாம் ஆண்டு கூட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஏபிஎஸ் சான்றிதழும் (உங்கள் கல்விச் சான்றுகள் சரிபார்க்கப்பட்டதற்கான ஆவணம்), முடக்கு கணக்கில் (வாழ்க்கைச் செலவுக்காக முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் எடுக்கும் வங்கிக் கணக்கு) 2024 செப்டம்பர் நிலவரப்படி 11,904 யூரோவும் வேண்டும். ஏபிஎஸ் கைக்கு வரும் முன் விசாவுக்கு நாள் குறிக்காதீர்கள்.

சேரும் முன் கிடைக்கும் இரண்டு மாதத்தில் என்ன படிக்க?

திண்ம நிலை இயற்பியலில் படிக அமைப்பு, பிராக் விதி, ஆற்றல் பட்டை. வேதியியலில் கூழ்மம், மேற்பரப்பு மின்னேற்றம். பைத்தானில் ஒரு தரவுக் கோப்பைப் படித்து, பின்னணியைக் கழித்து, முகட்டைப் பொருத்தி, அகலத்தைக் கணிக்கும் அளவுக்குப் பழகுங்கள். கருவி கொடுக்கும் படத்தை ஒட்டாமல் மூலத் தரவை வாங்கி நீங்களே வரையும் பழக்கம் இதிலிருந்துதான் வரும். இமேஜ்-ஜே இலவசம். இணையத்தில் கிடைக்கும் ஏதாவது ஒரு டெம் படத்தை எடுத்து, அளவுகோட்டைப் பொருத்தி, நூறு துகளை அளந்து பாருங்கள். ஒரு பிற்பகல் போதும்.